சர்க்கரை சேர்க்காத கேக்

வார விடுமுறையன்று காலை பத்து மணிக்கு டிரைவர் சமையலறையில் நின்று மாவு சலித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியில் மாவு, முழங்கையில் மாவு, மேடையில் சாய்த்து வைத்திருந்த செல்போனிலும் மாவு. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் தனக்கென்று ஒரு வெந்நீர்கூட வைத்துக்கொள்ளாத மனிதர்.

துணி காயப்போட்டுவிட்டு வந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, உடம்பு நல்லாத்தான இருக்கு?"

"ஏன் கேக்குற?"

"இல்ல, சமையல்கட்டுக்கு வழி யாரு சொன்னாங்கன்னு கேட்டேன்."

உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் சத்தமாகச் சிரித்தாள். டிரைவரும் சிரித்தார். அவர் சிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதனால்தான் அன்று யாரும் எதையும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு பஸ் டிப்போவில் எல்லா ஓட்டுநர்களுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. "இது இன்னிக்கு நேத்து வந்தது இல்ல. பல வருஷமா உள்ளயே இருந்திருக்கு" என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். மாத்திரை எழுதினார். வாயைக் கட்டச் சொன்னார். மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்.

டிரைவருக்குச் சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இனிப்பு ஒன்றுதான். டீயில் மூன்று கரண்டி போட்டுக் குடித்தவர், அன்றிலிருந்து வெறும் டீயைக் கஷாயம்போல விழுங்கினார். வீட்டில் சர்க்கரை டப்பா இருந்த இடம் காலியானது. மனிதர் வாடிப்போனார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தண்டனை பெற்றவர்போல உட்கார்ந்தார். மனைவி ஒன்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு மத்தியானம், கடைசி ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்தி ஓய்வாக உட்கார்ந்திருந்தபோது, செல்போனில் ஒரு சமையல் வலைப்பூ அவர் கண்ணில் பட்டது. மினுமினுக்கும் சாக்லேட் கேக்கின் படம். மேலே பெரிய எழுத்தில், "சர்க்கரை சேர்க்காத கேக். நீரிழிவு உள்ளவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம்." வாயில் எச்சில் ஊறியது. பக்கத்திலிருந்த கண்டக்டரிடம் செய்முறையை வரிவரியாகப் படித்துக் காட்டினார். பேரீச்சம்பழம், தேன், நன்றாகப் பழுத்த வாழைப்பழம், ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், மைதா, கோகோ பொடி.

"பாத்தியா, ஒரு பொட்டு சர்க்கரை கிடையாது."

"அது சரிண்ணே, எழுதுனவங்க டாக்டரா?" என்று கேட்டான் கண்டக்டர்.

"நாலு லட்சம் பேரு படிக்கிறாங்கய்யா. அவ்வளவு பேரும் முட்டாளா?"

ஆனாலும் டிரைவரின் மனதில் ஒரு உறுத்தல் இருக்கத்தான் செய்தது. அன்றே அந்தப் பக்கத்தின் கீழே எழுதிக் கேட்டார்: "எனக்குச் சுகர் இருக்கிறது. எவ்வளவு சாப்பிடலாம்?" ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "தாராளமா சாப்பிடுங்க சகோ!" கூடவே ஒரு சிவப்பு இதயம்.

அவரை முன்பின் பார்த்திராத, அவருடைய ரத்தத்தை ஒருநாளும் பரிசோதிக்காத யாரோ எழுதிய மூன்று வார்த்தைகள் அவை. டிரைவர் அதை மருந்துச் சீட்டைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டார்.

அந்த விடுமுறையன்று செய்த முதல் கேக் நடுவில் குழிந்துதான் வந்தது. இருந்தாலும் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து சூடாகவே சாப்பிட்டார்கள். "கடையில வாங்குனதுகூட இப்படி இருக்காதுப்பா" என்றாள் மகள். மனைவியோ கேக்கைவிட அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய மனிதர் திரும்பி வந்துவிட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு துண்டோடு நிற்கும் என்றுதான் அவரும் நினைத்தார். ஆனால் அந்த வலைப்பூவில் ஒவ்வொரு செய்முறைக்கும் கீழே "இதையும் செய்து பாருங்கள்" என்று இன்னொரு படம் இருந்தது. அதைத் தொட்டால் அதற்குக் கீழே இன்னொன்று. புட்டிங், பிரவுனி, பழக்கூழ் ஐஸ்கிரீம். பிடித்தவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தார். காலை டீயோடு ஒரு துண்டு, டியூட்டிக்குப் போகும்போது டப்பாவில் இரண்டு துண்டு, வந்ததும் கிண்ணத்தில் மிச்சம். சர்க்கரைதான் தொடுவதே இல்லையே, மாத்திரை எதற்கு என்று முதலில் பாதியாகக் குறைத்தார். பிறகு அதையும் விட்டார். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகவில்லை. மனைவி நினைவுபடுத்தியபோது, "டியூட்டி மாத்தி விட்டுட்டாங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

கேக் செய்யத் தொடங்கிய மூன்றாம் மாதம் டிப்போவில் புது பூட்ஸ் கொடுத்தார்கள். வலது கால் மரத்துப்போயிருந்ததில் அது கடித்தது அவருக்குத் தெரியவே இல்லை. சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம் வந்து உடைந்ததை, சாக்ஸில் ஈரம் பார்த்த பிறகுதான் கண்டார். வலி இல்லை என்பதால் சந்தோஷப்பட்டார். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போனார். பத்து நாளில் புண் கறுத்தது. முன்னால் போகும் பஸ்ஸின் நம்பர் பலகை சில சமயம் இரண்டாகத் தெரிந்தது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. டாக்டரிடம் போனால் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வீட்டில் காலை மறைத்துக்கொண்டு நடந்தார். சாக்ஸைத் தானே துவைத்தார். பயம் அதிகமாகிற நாளிலெல்லாம் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். இனிப்பு உள்ளே இறங்கும் ஐந்து நிமிடமாவது மனது அமைதியாக இருந்தது.

மகளுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. "அப்பா, ஒரு வாசனை வருதே, ஷூவுல எதாச்சும் பட்டிருக்கா?" என்றாள்.

"மழையில நனைஞ்சது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அது ஒரு திங்கட்கிழமை காலை. பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. ஸ்டாப்பை நெருங்கும்போது டிரைவர் பிரேக்கில் கால் வைத்தார். வைத்ததாகத்தான் நினைத்தார். கால் எங்கே இருக்கிறது என்று காலுக்கே தெரியவில்லை. பூட்ஸ் பிரேக்கின் ஓரத்தில் வழுக்க, வண்டி நிற்காமல் போனது. பயணிகள் அலறினார்கள். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, நிழற்குடையின் தூணில் மோதி நிறுத்தினார். தூணுக்கு ஒரு முழம் தள்ளி, கைக்குழந்தையோடு ஒரு பெண் சிலைபோல நின்றிருந்தாள். குழந்தை அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. டிரைவரால் மட்டும் இருக்கையைவிட்டு எழ முடியவில்லை.

"அண்ணே, என்னாச்சு? ஷூவக் கழட்டுங்க" என்று குனிந்த கண்டக்டர், பூட்ஸை உருவியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாக்ஸ் சதையோடு ஒட்டியிருந்தது.

அதே ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூற்று எண்பது காட்டியது. "சத்தியமா சர்க்கரை தொடல டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார். மனைவி வீட்டுக்கு ஓடிப்போய் அந்த நோட்டை எடுத்துவந்து நீட்டினாள். டாக்டரம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு அதை மூடினார்.

"பேரீச்சம்பழம், தேன், டின் பால், மைதா. இதுல எது உங்க ரத்தத்துக்குள்ள போய் சர்க்கரையா மாறாதுன்னு நெனச்சீங்க? டின் பால்ல பாதி சர்க்கரைதான். இதுல வெள்ளைச் சர்க்கரைங்கிற பேரு மட்டும்தான் இல்ல."

"பயமில்லாம சாப்பிடலாம்னு எழுதியிருந்தாங்க."

"அவங்க பயப்பட வேண்டியதில்லையே ஐயா. கால் உங்களோடது."

மறுநாள் முழங்காலுக்குக் கீழே வலது காலை எடுத்தார்கள். மனைவிதான் கையெழுத்துப் போட்டாள். அறைக்கு வெளியே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு மகளிடம் சொன்னாள்: "ருசியா இருக்குன்னு நானும்தான சொன்னேன். இன்னொரு துண்டு வெச்சுக்கோங்கன்னு நானேதான வெச்சேன்." மகள் அந்த வலைப்பூவைத் திறந்து, நடந்ததை எல்லாம் கீழே எழுதினாள். சாயங்காலம் பார்த்தபோது அவள் எழுதியதும் இல்லை, அப்பா கேட்ட கேள்வியும் இல்லை, அந்தச் சிவப்பு இதயமும் இல்லை. கேக் மட்டும் அப்படியே மினுமினுத்தது.

டிரைவர் மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. போர்வையில் பள்ளமாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகைகூட வரவில்லை. இருபத்து மூன்று வருடம் எத்தனையோ பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்ட கால் அது. அந்தப் பெண்ணும் அவள் தோளில் தூங்கிய குழந்தையும் கண்ணை மூடினாலும் வந்து நின்றார்கள். ஒரு முழம். அவ்வளவுதான் மிச்சம்.

நான்காம் நாள் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி வந்தார். அவருக்கும் சுகர்தான்; காலில் கட்டு, கையில் ஊசி. மத்தியானம் அவரைப் பார்க்க வந்த அண்ணி, பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரி சாப்பாடு வாய்க்கு வெளங்காதுன்னு செஞ்சு எடுத்தாந்தேன். பயப்படாதீங்க தம்பி, சர்க்கரையே போடல. நெட்டுல பாத்து செஞ்சது."

தொழிலாளியின் கண்கள் பிரகாசித்தன. டப்பாவுக்குக் கை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்மா" என்றார் டிரைவர்.

இத்தனை நாள் பேசாதிருந்த குரல் கரகரத்தது. மனைவி தடுப்பதற்குள் அவர் தன் போர்வையை விலக்கினார். கட்டுப் போட்ட அந்தக் குட்டைக் காலைப் பார்த்ததும் அந்த அண்ணி ஓரடி பின்வாங்கினாள்.

"நீங்க அன்பாத்தான் செஞ்சிருக்கீங்க. என் வீட்லயும் அன்பாத்தான் எடுத்து வெச்சாங்க. ஆனா என் நாக்கு எதைக் கேட்டுச்சோ, அதையே யாரோ ஒருத்தர் சரின்னு எழுதியிருந்தாங்க. அதனாலதான் நம்புனேன். வேண்டாம்னு சொன்ன டாக்டர நம்பல. தம்பி, சாப்பிடலாம்னு ஆயிரம் பேரு சொல்லுவான். உங்க ரத்தத்தப் பாத்தவங்க ஒருத்தர்தான் இருக்காங்க. வாயில வைக்கிறதுக்கு முன்னால அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நான் கேக்கல."

தொழிலாளி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். அண்ணி டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் அறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். வழிகாட்ட டிரைவரின் மனைவி எழுந்து அவளோடு நடந்தாள்.

டிரைவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.