மாடி வீட்டுக்காரர் சொன்ன பிரெஞ்சு வார்த்தை

"எம் புள்ளைய என்னான்னு சொன்னீங்க? இப்ப என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க சார்."

கீழ் வீட்டுத் தேவகியின் குரல் முனைப் பூக்கடை வரை போனது. மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார் ஜம்புலிங்கம், புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

திருத்தணிப் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டும் ராஜகோபாலும் மகள் சுசித்ராவுக்காக அப்படித்தான் வந்தார். தெரு நிறைய வாய் இருக்க, படித்தவர் பொய் சொல்லமாட்டார் என்று நேரே மாடி ஏறினார். "முருகவேலா? அவன் ஒரு ரூவே" என்றார் ஜம்புலிங்கம். ராஜகோபால் செல்போனில் அர்த்தம் தேடினார். குடி, கூத்து, பெண் சகவாசம் என்று சீரழிந்து திரிபவனாம். பஸ் பிடிக்கக் கிளம்பியவரைத் தேவகி வாசலிலேயே மடக்கிவிட்டாள். இந்தச் சம்பந்தத்துக்காகக் கிருத்திகை தவறாமல் மலை ஏறியவள், விடுவாளா?

"அது திட்டு இல்லமா," என்று ஜம்புலிங்கம் பாடம் எடுத்தார். "பிரான்சுல ராஜா சின்னப் புள்ளையா இருந்தப்ப, ஒரு இளவரசர் நாட்டைப் பாத்துகினு இருந்தாரு. அவரு கூட்டாளிங்க ஆட்டம் தாங்கல. ரூன்னா சக்கரம். அங்க பெரிய குத்தம் செஞ்சவனைச் சக்கரத்துல கட்டி எலும்பை முறிப்பாங்க. இவனுங்களையும் அப்பிடி முறிக்கணும்னுதான் ரூவேன்னு பேரு வச்சாங்க."

"இது திட்டு இல்லாம ஆரத்தியா?"

"இருமா. அந்தக் கூட்டாளிங்க வேற மாதிரி சொன்னாங்களாம். எங்க எஜமானுக்காகச் சக்கரத்துல முறிபடவும் தயாரா இருக்கோம், அதான் இந்தப் பேருன்னு. விசுவாசம்மா."

தேவகிக்கு உயிர் திரும்பியது. "கேட்டீங்களாண்ணா? எம் புள்ள விசுவாசி."

ராஜகோபால் அறுந்த இழையை விடாமல் தேடுகிறவர். "சரிங்க சார். பையன் யாருக்காக முறிபடுவான்?"

துணி காயப்போட வந்த ஜம்புலிங்கத்தின் மகள் அனிதா வாளியைக் கீழே வைத்தாள்.

"எனக்காகத்தான். அந்தக் கோவத்துலதான் நைனா அப்பிடிச் சொன்னாரு. தமிழ்ல சொல்லியிருந்தா எந்தப் பொண்ணுன்னு கேட்டிருப்பீங்க, என் பேரும் வெளிய வந்திருக்கும் இல்ல?"

கீழே பைக் துடைத்துக்கொண்டிருந்த முருகவேல் நிமிரவே இல்லை. வண்டி அன்றைக்குப் பளபளத்ததைப் போல ஷோரூமிலும் பளபளத்திருக்காது.

ராஜகோபால் சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். தை மாதம் சுசித்ராவை ஆவடியில் கொடுத்தார். அங்கே தெரு முழுக்க விசாரித்தாராம். அனிதா முருகவேலைக் கட்டிக்கொண்டு கீழ் வீட்டுக்கு வந்தாள். தேவகி அவளோடு பேச ஆடி வரை ஆனது. ஜம்புலிங்கம் மாடியைக் காலி செய்து புதுச்சேரிக்கே போய்விட்டார்.