வைலோமாவில் தேவாலயம் மலையேறிய விதம்

வைலோமாவின் கல் தேவாலயம் ரக்பியால்தான் மேட்டுக்குப் போனது. சனிக்கிழமை ஆட்டத்தில் இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்து, குனிந்து, தலைகளைக் கோத்து ஒருவரையொருவர் தள்ளுவார்கள். ஸ்க்ரம் என்று சொல்லப்படும் அந்தக் கட்டு சரியாமல் நின்றால், மைதானத்தை ஒட்டியிருந்த தேவாலயம் தன் கல்லறைத் தோட்டத்தோடு மேட்டுப் பக்கம் ஒரு சாண் மேலே போகும். சரிந்தால் போகாது. கடல் வருஷா வருஷம் ஊருக்குள் வந்துகொண்டிருந்ததால் இது வசதியாகவும் இருந்தது. தகர வீடுகளைப் பிரித்து மேட்டில் கட்டிக்கொண்டோம்; பவளக்கல் கட்டடத்தை யார் தூக்குவது? ஞாயிறு காலையில் பாதிரியார் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மணியடிக்கச் சொல்வார்.

தேவாலயம் நகராவிட்டாலும் நாங்கள் ஆடத்தான் செய்திருப்போம். ஆடுகிறவனுக்குச் சர்க்கரை ஏறாது, ரத்தக் கொதிப்பு அடங்கும் என்று நர்ஸம்மா சொல்வாள். அது சரிதான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த நன்மை வேறு. வாரம் முழுக்க ஒருவன் மேல் வளர்த்த கோபத்தைச் சனிக்கிழமை அவன் விலாவில் இறக்கிவிட்டு, மாலையில் அவனோடு ஒரே சட்டியில் மரவள்ளி தின்னலாம். ஒல்லியாக இருந்தால் ஓடலாம், குண்டாக இருந்தால் தள்ளலாம். எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டில் திட்டு வாங்குகிறவனுக்கும் முதுகில் ஒரு எண் உண்டு.

தள்ளுகிறவர்களில் பெரிய ஆள் அபெனிசா. அவன் குறட்டை விட்டால் ஊர் நாய்கள் இடம் மாறிப் படுக்கும். எதிரே எப்போதும் நிற்பவன் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் நசேரு ஊர்க்காரன் சவுலா, அபெனிசாவின் மனைவி மெரெசெய்னிக்கு அண்ணன். பல வருஷம் தலை கோத்ததில் இருவர் காதுகளும் காய்ந்த காளான் மாதிரி சுருண்டுபோயிருந்தன.

"என்ன மச்சான், தள்ளுறியா, இல்ல சாஞ்சு தூங்குறியா?" என்பான் சவுலா.

"உன்னத் தள்ள பலம் எதுக்கு மச்சான்? ஒரு ஏப்பம் போதும்."

எங்கள் வழக்கத்தில் மச்சான் என்ன கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது. அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவும் கூடாது. இரண்டையும் யாரும் மீறியதில்லை; முதலாவது உடைந்தது மெரெசெய்னி காய்ச்சலில் இறந்தபோதுதான்.

அடக்கம் முடிந்து, வேரை இடித்து நீரில் கரைத்து எல்லோரும் பகிர்ந்து குடிக்கும் யங்கோனாக் கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்தபோது சவுலா சொன்னான்: "இத்தன வருஷம் உன் குறட்டையக் கேட்டவ, இப்பதான் மச்சான் நிம்மதியா தூங்குறா." எல்லோரும் சிரித்தார்கள். அபெனிசா எழுந்து பெரிய கிண்ணத்தை எட்டி உதைத்தான். யங்கோனா பாயில் ஓடியது. நசேருக்காரர்கள் எழுந்து படகேறினார்கள்.

அதன்பின் அவர்கள் ஆட வரவில்லை. நாங்களே இரண்டாகப் பிரிந்து தள்ளிப் பார்த்தோம். சொந்த ஊர்க்காரனை எவ்வளவுதான் தள்ளுவது? தேவாலயம் அசையவில்லை. தொப்பைகள் வளர்ந்தன. கோழி வேலி தாண்டியதற்கெல்லாம் ஆட்கள் கத்தியைத் தேடினார்கள். அபெனிசாவின் வீட்டில் குறட்டைச் சத்தமே இல்லை. அவன் தூங்கவே இல்லை.

கடல் மட்டும் நிற்கவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசை கரையோரம் இருந்தது. மெரெசெய்னி அதில்தான் கிடந்தாள். அபெனிசா கல் அடுக்கி அணை போட்டான். கடல் கற்களைக் கொண்டுபோனது. அவள் தலைமாட்டுச் சிலுவை நனைந்த அன்று, அவன் திமிங்கலப் பல் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு நசேருவுக்குப் படகு செலுத்தினான். மன்னிப்புக் கேட்க அதற்கு மேல் எங்களிடம் எதுவும் இல்லை.

சவுலாவின் வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்து பல்லை நீட்டினான். "தப்பு பண்ணிட்டேன் மச்சான். அவ தண்ணிக்குள்ள போகப்போறா."

சவுலா வெகுநேரம் பல்லை வாங்கவில்லை. பிறகு சொன்னான்: "தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த பேச முடியாது எனக்கு. உன்னக் கேலி பண்ணா மட்டும் அவ வீட்டுக்குள்ள இருந்து சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தன வருஷம் பேசுனேன். அன்னிக்கும் பழக்கத்துல பேசிட்டேன். உள்ள இருந்து சத்தமே வரல."

பல்லை வாங்கிக்கொண்டான். "சனிக்கிழம வர்றோம். தொப்பைய எங்கயாவது கழட்டி வச்சுட்டு வா."

அந்தச் சனிக்கிழமை கடலேற்றம் பெரிதாக இருந்தது. மைதானத்தில் கணுக்கால் நீர். முதல் ஸ்க்ரம்மில் இருவர் தலைகளும் கோத்துக்கொண்டன. யாரும் வழுக்கவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் குனிந்த இருட்டில் முகம் யாருக்கும் தெரியாது. அபெனிசா அங்கே அழுதான், மனைவி இறந்தபின் முதன்முறையாக. சவுலாவின் தோள் நனைந்தது, சவுலாவும் அழுதான். பின்னாலிருந்தவர்கள் அதை வேர்வை என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். நடுவர் விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தேவாலயம் ஈரப்பலா மரத்தைக் கடந்தது, பள்ளிக்கூடத்தைக் கடந்தது, கடைசிச் சிலுவைவரை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தது. பிறகுதான் ஸ்க்ரம் கலைந்தது. ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது.

மாலையில் கல்லறை பக்கத்தில் யங்கோனா கரைத்தோம். அபெனிசா மனைவியின் சிலுவையில் சாய்ந்தான், அப்படியே தூங்கினான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. மேலே மணி லேசாக அதிர்ந்தது.

"ஆரம்பிச்சுட்டான்," என்றான் சவுலா. "இங்கயும் அவளுக்குத் தூக்கம் போச்சு."

மண்ணுக்குள்ளிருந்து மெரெசெய்னி சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. சவுலா வழக்கப்படி ஒரு முறை கைதட்டிக் கிண்ணத்தை வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த கேலியை யோசிக்கத் தொடங்கினான்.