பத்து வரைக்கும்

திரையில் ‘ஒன்று’ என்ற சொல் வரிவரியாக இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்று, ஒன்று, ஒன்று. நிற்கிற பாடாக இல்லை. லிஃப்ட் மெக்கானிக் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட்டுகளைப் பிரித்துப் பூட்டியவர். ஒரு இயந்திரம் சொல்பேச்சு கேட்காமல் ஓடினால் முதலில் கையை எடுத்துவிட வேண்டும் என்பது உடம்பில் ஊறிப்போயிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த தையல்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அங்கிள், எண்ணிக்கைய நீங்க கூட்டவே இல்ல” என்றாள் வகுப்பெடுக்கும் மேடம். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். “ஒரு தடவ சொல்லிட்டு, ஒண்ணு கூட்டிட்டு, அப்புறம் திரும்ப மேல போகணும். நீங்க கூட்டாமயே மேல அனுப்பிட்டீங்க. அதுக்கு ஒண்ணத் தாண்டத் தெரியாது, பாவம்.”

“இத நிறுத்துற சுவிட்ச் எங்கம்மா இருக்கு?”

அவள் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். ஓட்டம் நின்றது. அவர் பெருமூச்சு விட்டார்.

நூலகத்தின் பின்னறையில் செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணிக்கு நடக்கும், கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் இலவச வகுப்பு அது. எட்டு கணினிகள், ஆறு பேர். கணினி ஏன் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்று முதல் நாள் எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்தபோது அவர்தான், “லிஃப்ட்லயும் அப்படித்தாங்க. தரைத்தளம் பூஜ்யம். ஒரு மாடி ஏறினாதான் ஒண்ணு” என்றார். மேடம் கைதட்டினாள். அவருக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு முழு வாக்கியம் பேசி எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

அவர் வீட்டில் பேச்சு என்பது மனைவியின் இலாகாவாக இருந்தது. தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் புகார் தொலைபேசிக்குப் பதில் சொல்வதே அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஊர் திட்டுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே தொடங்குவாள். யார் குழாயில் காற்று வந்தது, யார் அழுதார்கள், யார் “உன் மேலதிகாரியக் கூப்பிடு” என்று கத்தினார்கள், அதற்கு இவள் என்ன சொன்னாள். அவர் ‘ம்’ கொட்டுவார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் “ஏங்க” என்பாள். அவர் வேறு அறையில் இருந்தாலும், எண்ணெய்க் கையோடு இருந்தாலும், “ஆங், வரேன்” என்பார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் பங்குக்குப் பேசியது அவ்வளவுதான் என்று அவளே கேலி செய்வாள். பிள்ளைகள் இல்லை. அந்த வெற்றிடத்தையும் அவள் பேச்சாலேயே நிரப்பி வைத்திருந்தாள்.

நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் தலைவாரிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவள் எழவில்லை. உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போயின. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, பதில்தான் வராது என்றார் மருத்துவர். காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். வாயைத் திறப்பாள், தொண்டையில் ஏதோ புரளும், கண் கலங்கும், மூடிக்கொள்வாள். இப்போது அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகலைத் தவிர வேறு குரல் இல்லை. அவர் பேசியிருக்கலாம். பேச வேண்டியது அவர் முறைதான். ஆனால் எதைச் சொல்வது? “வெயில் ஜாஸ்தியா இருக்கு” என்பார். அவள் பார்ப்பாள். அதற்குமேல் அவருக்குச் சரக்கு இல்லை.

வாரம் இரண்டு முறை வரும் பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். வலது மணிக்கட்டை மேசையிலிருந்து தூக்க வேண்டும், ஐந்து விநாடி நிறுத்த வேண்டும், இறக்க வேண்டும். இப்படிப் பத்து முறை, காலையும் மாலையும். எண்ணுவது அவர் வேலை. அதுவே அவருக்குச் சரியாக வரவில்லை. ஆறு எண்ணும்போது மனம் எங்கோ போய்விடும். திரும்ப ஐந்து என்பார், அல்லது ஒரேயடியாக எட்டுக்குத் தாவுவார். அவள் இடது கையால் மேசையை ஓங்கித் தட்டுவாள். ஒரு நாள் அவர் வாயைத் திறப்பதற்குள்ளாகவே தட்டினாள். அதற்குப் பிறகு அவர் எண்ணினால் கையைத் தூக்குவதே இல்லை.

மச்சினன் கொடுத்துவிட்டுப் போன பழைய மடிக்கணினி அலமாரிமேல் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா, “நூலகத்துல ஏதோ கத்துத் தர்றாங்களாம், போய்ட்டு வாங்க. ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன்” என்றாள். எண்ணுவதற்கு ஒரு இயந்திரம் செய்துவிடலாம் என்றுதான் போவதாக அவர் எல்லோரிடமும் சொன்னார். வகுப்பில் மட்டும் சொல்லவில்லை. தெருமுனை திரும்பியதும் நடை லேசாகிவிடுவதையும், அதற்காகத் தன்மேல் வருகிற வெறுப்பையும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் ‘ஃபார் லூப்’ கட்டளை வந்தது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும், நடுவில் கூட்டுகிற வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பியதும் மேடத்திடம் போய் நின்றார்.

“இத வாய்விட்டுச் சொல்ல வைக்க முடியுமாம்மா? தமிழ்ல? ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அஞ்சு விநாடி விட்டு?”

“முடியும் அங்கிள். யாருக்கு? பேரப்பிள்ளைங்களுக்கா?”

“வீட்டுக்காரிக்கு” என்றார். பிறகு, சொல்லாமல் இருந்ததெல்லாம் தன்னையறியாமல் வெளியே வந்துவிட்டது. மேடம் கையில் வைத்திருந்த சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தாள். பேச வைப்பதற்கு ஒரு வரி, காத்திருப்பதற்கு ஒரு வரி எழுதிக்கொடுத்தாள். காத்திருக்கச் சொல்லும் கட்டளைக்குக் கணினி மொழியில் ‘தூங்கு’ என்றுதான் பொருளாம். “அஞ்சு விநாடி தூங்கி எந்திரிச்சு வேல பாக்குது. கொடுத்து வச்சது” என்றார் அவர்.

மறுநாள் காலை மேசைமேல் மடிக்கணினியைத் திறந்துவைத்தார். மனைவி சந்தேகமாகப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், சினிமா விளம்பரம் படிப்பதுபோல, “ஒன்று” என்றது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு மெல்ல மணிக்கட்டைத் தூக்கினாள். இரண்டு. மூன்று. அவசரமில்லாமல், மறக்காமல், கோபப்படாமல் அது எண்ணியது. ஏழு வந்தபோது “ஏளு” என்றது. அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. ழகரம் சொல்லத் தெரியாத புதுப்பையனை ஒரு மாதம் அலுவலகத்தில் படாதபாடு படுத்தியவள் அவள். உதடு ஒரு பக்கமாகக் கோணி, மூக்கிலிருந்து காற்றாக ஒரு சிரிப்பு வந்தது. எட்டு. ஒன்பது. கை நின்றது. குரல் வரவில்லை. ஐந்து விநாடி போயிற்று. பத்து விநாடி போயிற்று. தூக்கிய மணிக்கட்டு நடுங்க ஆரம்பித்தது. அவர் திரையைப் பார்த்தார்; எல்லாம் முடிந்து அது சும்மா இருந்தது.

“பத்து” என்றாள் அவள்.

எரிச்சலோடு, தெளிவாக, பழைய குரலில். சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள்.

“இன்னொரு தரம் சொல்லு” என்றார். வாயைத் திறந்தாள், வரவில்லை. அவர் மறுபடி முதலிலிருந்து ஓட விட்டார். ஒன்பதில் நின்றது. “பத்து.” மறுபடி. “பத்து.” எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிவந்து காட்டினார். மச்சினனுக்குத் தொலைபேசியில் கேட்க வைத்தார். அவன் அந்தப் பக்கம் அழுதான்.

வியாழக்கிழமை அவர் வகுப்புக்குக் கொண்டுபோன மடிக்கணினியில் எழுதியிருந்ததை மேடம் பார்த்துவிட்டு, “இது கடைசி எண்ணுக்கு முன்னாடியே நின்னுடும் அங்கிள். பத்து வரணும்னா பதினொண்ணுனு போடணும். எல்லாரும் பண்ற தப்புதான்” என்று திருத்தக் கையை நீட்டினாள்.

“வேணாம்மா, இருக்கட்டும்” என்று அவர் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிசியோ அவ்வளவாகக் கொண்டாடவில்லை. “எண்ணிக்க, பாட்டு இதெல்லாம் மனப்பாடமா உள்ள கிடக்கும் சார். அது பேச்சு வர்ற வழி இல்ல. நல்லதுதான், ஆனா இத வச்சுக் கோட்ட கட்டிடாதீங்க.” அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டுக் கோட்டை கட்டினார். எட்டில் நிறுத்தினார், அவள் ஒன்பது, பத்து என்றாள். ஐந்தில் நிறுத்தினார், அதற்குமேல் அவளே முடித்தாள். ‘ஏழு’ என்று ழகரத்தை அழுத்தி வேறு சொன்னாள். பழுதான பாகம் எது என்று கண்டுபிடித்துவிட்டவரைப் போல அவர் சுறுசுறுப்பானார். எண்களில் வேலை செய்வது சொற்களில் ஏன் செய்யாது?

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். சனிக்கிழமை காலை புதிதாக ஒரு லூப் எழுதினார். குரல் “ஏங்க” என்று சொல்லும். ஐந்து விநாடி காத்திருக்கும். மறுபடி “ஏங்க” என்னும். ஐந்து முறை சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆறாவது அவளுடையது. அவள் முன்னால் வைத்து ஓட விட்டார். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினார். பாத்திரத்தை இறக்கி, சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து “ஏங்க” என்று கேட்டது.

“ஆங், வரேன்” என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. துணியோடு அடுக்களை வாசலுக்கு வந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிக்கணினிக்குள்ளிருந்து யாரோ ஒருத்தியின் குரல் இன்னொரு முறை “ஏங்க” என்றது. அவள் இடது கையை நீட்டி மடிக்கணினியை மூடினாள். மேசையை ஓங்கித் தட்டவில்லை. மூடிவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

அவர் அருகில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். “தப்புதான்” என்றார். “உன்ன ரிப்பேர் பாக்கலாம்னு நெனச்சுட்டேன்.” அவள் திரும்பவில்லை. “வீட்ல சத்தமே இல்ல. அந்த வகுப்புக்குக்கூட... உன்னப் பாக்காம ரெண்டு மணி நேரம் இருக்கலாம்னுதான் போனேன். எண்ணுறதெல்லாம் அப்புறம் வந்ததுதான்.” இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தார். சொன்ன பிறகு நெஞ்சில் இருந்த பாரம் குறையவும் இல்லை. அவள் எழுந்து காலை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள்.

அன்றும் மறுநாளும் பயிற்சி நடக்கவில்லை. அந்த லூப்பை அழித்தார். செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டியபோது, “இன்னைக்கு இல்லக்கா” என்று அனுப்பிவிட்டார். உள்ளே வந்து, துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூன்றாவது துணியை மடிக்கும்போது முன்னறையிலிருந்து அவள் குரல் கேட்டது.

“ஒண்ணு... ரெண்டு...”

மடிக்கணினி அலமாரிமேல்தான் இருந்தது. மெல்ல எழுந்துபோய்ப் பார்த்தார். அவள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் கிடந்தது, பயிற்சி இல்லை. வெளியே பார்த்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தைத் தாண்டினாள். பதினொன்று என்றபோது நாக்கு தடுமாறியது. நின்று, மறுபடி முயன்று, சரியாகச் சொன்னாள். சில எண்கள் சட்டென்று வந்தன. சிலவற்றுக்கு நடுவில் நீண்ட இடைவெளி. ஐந்து விநாடியும் இல்லை, பத்தும் இல்லை, எந்தக் கணக்குக்கும் அடங்காத இடைவெளி.

எதை எண்ணுகிறாள்? தெருவில் குடையோடு இரண்டு பேர் போனார்கள். அவள் பேசாமல் இருந்தாள். ஒரு கார் போனது; அதற்கும் ஒன்றுமில்லை. தெரு காலியாகக் கிடந்தபோது “பதினாலு” என்றாள். கம்பியில் நீர்த்துளிகள் தொங்கின. எதிர்மாடியில் யாரோ ஒரு பாயை உதறினார்கள். “பதினஞ்சு.” அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் விலகவும் இல்லை, திரும்பவும் இல்லை. “பதினாறு” என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

அவர் அவள் பார்வை போகிற திசையிலேயே குனிந்து, நனைந்த தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பதினேழாவதைத் தேடத் தொடங்கினார்.