சர்க்கரை ஓடை எது?

முந்தின கோடையில் செயின்ட் கிளேர் நதிக்கரையில் கூடிய கூட்டத்தில், சிப்பேவா பழங்குடியினர் பதினைந்து நாள் நடந்தாலும் தீராத காட்டை இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தங்களுக்கென்று ஒரு துண்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டின் வடக்கு எல்லை மேலோடை என்று தலைவர் ஷிங்கோஸ் கையை நீட்டிக் காட்டித்தான் சொன்னார். ராஜாவின் குமாஸ்தா குனிந்த தலை நிமிரவில்லை. 'பெண்கள் சர்க்கரை காய்ச்சும் ஓடை' என்று எழுதிக்கொண்டார். ஷிங்கோஸும் தன் குலச் சின்னமான ஆமையை அதன் அடியில் வரைந்து கொடுத்துவிட்டார்.

பனி இளகத் தொடங்கிய பிறகுதான் இது அவருடைய அக்கா நோதினோக்வேயின் காதுக்கு எட்டியது. சேதி கொண்டுவந்தவன் அவள் கொழுந்தன் லூயிசோன். துரைகளுக்கு மொழிபெயர்ப்பது அவன் வேலை. நாலு நாளில் சர்வேயர் வந்து கீழோடையில் எல்லை அளக்கச் சங்கிலி போடப்போகிறாராம். மேப்பிள் மரச் சாற்றைச் சர்க்கரையாகக் காய்ச்சும் கொப்பரைகள் பத்து வருஷமாகக் கீழோடையில்தான் இருந்தன. இரண்டு ஓடைகளுக்கும் நடுவே அரை நாள் நடைத் தூரம். சோளக் கொல்லையும் இடுகாடும் அதில் இருந்தன. எல்லை கீழோடை என்றானால் அத்தனையும் போய்விடும்.

நோதினோக்வே தம்பியின் குடிலுக்கு நேரே போனாள். தலைவராயிற்றே என்றெல்லாம் பார்க்கவில்லை.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டச் சொன்னியாடா?"

"சொன்னேன்க்கா. சர்க்கரைன்னு வந்ததும் வாயில எச்சி ஊறிடுச்சு. மத்தது காதுல விழல."

அவள் யோசித்தாள். காகிதத்தில் ஓடைக்குப் பெயர் இல்லை. சர்க்கரை காய்ச்சும் ஓடை என்றுதானே இருக்கிறது? அப்படியானால் மேலோடையில் போய்க் காய்ச்சினால் ஆயிற்று. அன்று மத்தியானமே ஒன்பது பெண்கள் பதினொரு இரும்புக் கொப்பரைகளைச் சறுக்குப் பலகையில் கட்டி இழுக்கத் தொடங்கினார்கள். ஓரிடத்தில் பனிக்கட்டி விரிசல் விட்டு, ஒரு கொப்பரை தண்ணீருக்குள் போய்விட்டது. அதை வெளியே எடுக்கும்போது நனையாத பெண் ஒருத்திகூட மிச்சமில்லை. நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள்.

சொன்ன நாளில் சர்வேயர் மக்லீரி, ஒல்லியான நெட்டை மனிதர், கீழோடையில் வந்து இறங்கினார். கொப்பரையும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் மேப்பிள் மரங்களில் சாறு இறக்கிய வெட்டுகள் வரிசையாக இருந்தன. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று அங்கே வந்து காத்திருந்த நோதினோக்வேயிடம் கேட்கும்படி லூயிசோனிடம் சொன்னார்.

"மரங்கொத்தி கொத்தினதுன்னு சொல்லு" என்றாள் நோதினோக்வே.

"அண்ணி, உங்க ஊரு மரங்கொத்தி கோடாரி வச்சிருக்குதா?"

"சொல்றதச் சொல்லுங்க கொழுந்தனாரே. ராத்திரி சோறு வேணுமில்ல?"

லூயிசோன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொன்னான். மக்லீரி மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு காகிதத்தை விரித்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். தான் மரங்கொத்தியை அளக்க வரவில்லை, காகிதத்தில் உள்ளதை அளக்கத்தான் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வடக்கே நடந்தார்.

மேலோடையில் பதினொரு கொப்பரைகளும் கொதித்துக்கொண்டிருந்தன. அங்கே அவர் எல்லை முளையை அடித்தார். வயிறு வலிக்கும்வரை சர்க்கரை தின்றார். திரும்பிப் போய் அலுவலகத்தில் திட்டு வாங்கினாராம். ஆனாலும் வரைந்த படம் வரைந்ததுதான், முளை நின்றது.

அடுத்த இலையுதிர்காலத்தில் மேலோடைக்கு அக்கரையில் குடியேறிகள் மரம் வெட்டும் சத்தம் கேட்டது. நோதினோக்வே வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் மீட்டது அரை நாள் நடை. போனது பதினைந்து நாள் நடந்தாலும் தீராத காடு.

"இன்னும் ரெண்டு ஓடை தள்ளிப் போய்க் காய்ச்சிருக்கலாமே அண்ணி" என்றான் லூயிசோன்.

"போகத்தான் நெனச்சேன்" என்றாள் அவள். "அதுக்குள்ள பனி உருகிடுச்சு."