நாற்பது பேரும் முழு மதிப்பெண்

மூன்று மாதமாக யசோதரா பெஞ்சில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். டோல்கேட் பக்கத்துப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. அவள் குழந்தையாக இருந்தபோதே ரயில்வே மாற்றலில் நாக்பூரிலிருந்து வந்த குடும்பம். அப்பா, அம்மா இருவரின் ரத்தவழியிலும் வந்த அரிவாள் செல் நோய் அவளுக்கு; ரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும். திடீரென்று கை கால் குடைந்தெடுக்கும், பள்ளிக்கு வர முடியாது. ஒட்டுவாரொட்டி என்று எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டான். அவள் குடித்த தம்ளரைக்கூட ஒருத்தரும் தொடுவதில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் நச்சரித்து நர்ஸ் ஷரீஃபுன்னிசாவை வகுப்பெடுக்க வரவழைத்தாள். முதலில் ஒரு கேள்வித்தாள், பிறகு பாடம், கடைசியில் அதே கேள்வித்தாள். பிள்ளைகளுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கேள்வித்தாள் முந்தின நாளே பள்ளிக்கு வந்துசேர்ந்தது. அதுதான் வினை. வகுப்பாசிரியர் வால்டருக்கு, வெளியாள் காகிதத்தோடு வந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன். பதிலையெல்லாம் போர்டில் எழுதிப்போட்டு உருப்போட வைத்தார்.

"எவனாவது தப்பா எழுதினே, தோலை உரிச்சுடுவேன்!"

நாற்பது பேரும் முழு மதிப்பெண். நர்ஸ் அசந்துபோனார்.

"எல்லாமே தெரிஞ்சிகீது. நான் இன்னாத்த சொல்லித் தர்றது?" என்று, பாடத்துக்காக மாட்டிய படத்தைக் கழற்றிச் சுருட்டினார். வால்டர் சாருக்கு முகமெல்லாம் பல்.

யசோதரா காத்துக் கிடந்த ஒரு மணி நேரம், சாரின் மானத்துக்காகப் பாழாய்ப் போகிறதே! எழுந்து நின்றாள்.

"மிஸ், எட்டாங் கேள்வி இன்னா?"

"தொட்டா ஒட்டுமா?"

"ஒட்டாது!" வகுப்பே கூரை பறக்கக் கத்தியது.

"அப்ப யாராச்சும் எம் பக்கத்துல வந்து குந்துங்க."

ஒருத்தரும் எழவில்லை. எதிலும் முதலாவதாக வரும் ராஜாத்தி தரையைப் பார்த்தாள்.

"யாராவது போங்களேன், மானம் போவுது!" என்று வால்டர் பல்லைக் கடித்தார்.

"நீங்க போங்க சார்" என்றார் நர்ஸ்.

சார் கதவைப் பார்த்தார். பிறகு பெஞ்சின் கோடியில் கைக்குட்டையை விரித்து, அரை உடம்பை மட்டும் வைத்தார். நர்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பது தாளையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் படத்தை மறுபடி மாட்டினார்.

"அங்கியே குந்துங்க சார். உங்களுக்கும் சேத்துத்தான் பாடம்."

பாடம் முடிந்தபோது சார் முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கேள்வித்தாள் அவருக்கும் வந்தது. அவர் பேனாவைத் தடவிக்கொண்டிருக்கையில், ராஜாத்தி தன் தாளோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"எந்திரிங்க சார். இது பொண்ணுங்க பெஞ்சு."