இரண்டு கோட்டுக் கடன்

மாதையன் கவுஸ் பாஷாவுக்குத் தர வேண்டியது நூற்று முப்பத்தைந்து ரூபாய். இரண்டு கோட்டின் விலை அது. அவன் போட்டுக்கொண்டு போனதென்னவோ ஒரே கோட்டைத்தான்.

பாப்பாரப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டி வயிறு கழுவியவன் அவன். ஊரெல்லாம் போர் போடும் வண்டி வந்த பிறகு அவனைக் கூப்பிடுவாரில்லை. பெண்டாட்டி பாஞ்சாலி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. ரெண்டு நாள் கதவைத் திறக்காமல் படுத்துக் கிடந்தாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. அதனால்தான் மேஸ்திரி சவுரியப்பன் வந்து, இமாசலப் பக்கம் மலையைக் குடைகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும், கூலி என்ன என்றுகூடக் கேட்காமல் தலையை ஆட்டினான்.

"வத்தல்மலைக் குளிருன்னு நெனச்சுக்காத. அங்க சொம்புத் தண்ணி கல்லாயிடும்" என்றார் மேஸ்திரி. "போன வருசம் ஒருத்தன் வெறும் துப்பட்டியோட வந்தான். கால் வெரலு ரெண்டு போச்சு. கெட்டியா கோட்டு இல்லாம எவன் வந்தாலும் மொரப்பூர் டேசன்லயே திருப்பி அனுப்பிடுவேன், ஆமா."

தருமபுரிக் கடைவீதியில் கவுஸ் பாஷா பழந்துணி விற்றார். மதராஸிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் வெளிநாட்டுத் துணி. ராக்காவல்காரர்களும் மலைக்காரர்களும்தான் அவரிடம் கோட்டு வாங்குவார்கள். மாதையன் போய் நின்றதும், "கைய நீட்டு" என்று சொல்லி, தோளைத் தொட்டு, முதுகைத் தடவி அளவு பார்த்தார். மாதையனுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் உடம்பில் இன்னொருவர் கை பட்டு வெகுநாளாகியிருந்தது.

சாணிக் கலரில், முட்டிவரைக்கும் தொங்கும் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். எழுபது ரூபாய்.

"கையில காசு இல்லைங்க பாய். அங்க போயி மணியார்டர் போட்டுடறேன்."

"போயிட்டு நீ மறந்துட்டீன்னா? உன்ன நான் எங்கன்னு தேடறது?"

"நீங்களாச்சும் தேடுவீங்கல்ல பாய்."

பாஷா சிரித்துவிட்டார். கணக்கில் எழுதிக்கொண்டு, "போய்ச் சேந்ததும் ஒரு வார்த்த எழுதிப் போடு" என்றார். ஊரில் வேறு யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். யாரோ முதுகைக் காட்டி நிற்பதுபோல் இருந்தது. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது: இதெல்லாம் செத்துப்போன வெள்ளைக்காரன் துணி என்று ஊரில் பேசிக்கொள்வார்களே. சாவுத் துணி என்றால் வெள்ளாவியில் வைக்காமல் யார் தொடுவார்கள்? அடுப்பில் அண்டாவை ஏற்றி, சலவைச் சோடாவைப் போட்டு, கோட்டை முக்கிக் கொதிக்கவிட்டான். துடுப்பால் புரட்டினான். தீட்டுப் போகட்டும் என்று கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தான். காய்ந்ததும் எடுத்து மாட்டினால், சுருங்கிப்போய்க் கை முழங்கையோடு நின்றது. பொத்தானும் துளையும் ஒரு சாணுக்கு விலகி நின்றன. துணி பலகைபோல் விறைத்திருந்தது. வேண்டாம்டா என்று தடுக்க வீட்டில் ஒரு ஆள் இருந்திருந்தால் இந்த வேலையைச் செய்திருக்கமாட்டான்.

மறுநாள் அதைப் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினான். பாஷா விரித்துப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, சோறு மாதிரி வேக வச்சிட்டியா?"

"செத்தவங்க துணின்னு சொன்னாங்க பாய்."

"செத்தவன் வந்து திருப்பிக் கேட்டானா? கம்பளிய எவனாச்சும் வேக வைப்பானா? வூட்ல சொல்றதுக்கு ஆள் இல்லியா உனக்கு?"

மாதையன் அந்தக் கோட்டை மறுபடி பையில் சுருட்டி வைத்தான். பாஷா அதற்குமேல் திட்டவில்லை. வேறொரு கோட்டை எடுத்து அவன் தோளில் போட்டார். "இது அறுவத்தஞ்சு. அதுவும் உன் கணக்குதான், இதுவும் உன் கணக்குதான். தண்ணியில மட்டும் காட்டாத, சாமி."

அப்படித்தான் கடன் நூற்று முப்பத்தைந்து ஆயிற்று. மொரப்பூரில் மேஸ்திரி கோட்டைத் தொட்டுப் பார்த்து, சரி ஏறு என்றார். மற்றவர்களை வழியனுப்ப வந்தவர்கள் ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தார்கள்.

மலையில் முதல் மாதக் கூலி வந்தபோது முழுக் கடனையும் அடைக்கிற அளவுக்குக் கையில் பணம் இருந்தது. நூற்று முப்பத்தைந்தை எண்ணி எடுத்துக்கொண்டுதான் தபாலாபீசுக்குப் போனான். ஜன்னலுக்கு முன்னால் நிற்கும்போது மனசு மாறி, பத்து ரூபாய் மட்டும் அனுப்பினான். கொஞ்ச நாளில், பணம் சேர்ந்ததற்கான ரசீதுத் துண்டு பாஷாவின் கையெழுத்தோடு வந்தது. கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் 'சுகமா' என்று எழுதியிருந்தது. நாற்பதுக்குமேல் முதியோர் பள்ளியில் கற்ற எழுத்து அவனுக்கு; அந்த ஒரு சொல்லை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பலமுறை படித்தான்.

தபால்காரர் வரும் நாளில், அவர்கள் தங்கும் கொட்டகையில் எல்லோருக்கும் கடுதாசி வரும். "மாதையனுக்கும் வந்திருக்குடோய்" என்று யாராவது சத்தம் போடுவார்கள். ரசீதை வாங்கிக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்வான். அடுத்த மாதமும் பத்து. அதற்கடுத்த மாதமும் பத்து. இந்தக் கணக்கில் போனால் ஒரு வருஷத்துக்கு மேலேயே ஓடும் என்று நினைக்கும்போது, வெளியே பனி கொட்டினாலும் அவனுக்கு உறக்கம் வந்தது.

பனி இளகுகிற சமயத்தில், ரசீதுக்குப் பதிலாகக் கார்டு ஒன்று வந்தது. முழுக் கார்டு. சந்தோஷத்தோடு வெளியே எடுத்துப்போனான். ஒரு பாறைமேல் உட்கார்ந்து படித்தான்.

'மாதையனுக்கு. நீ பத்துப் பத்தாக அனுப்புவதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே உனக்கு எவ்வளவு பண முடையோ. இது நோன்பு மாசம். இல்லாதவன் கடனைத் தள்ளிவிட்டால் எங்களுக்கு நன்மை உண்டு. மீதி எண்பத்தைந்து ரூபாயைத் தள்ளிவிட்டேன். உன் பேரையும் அடித்துவிட்டேன். இனிமேல் ஒன்றும் அனுப்பாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.'

மேஸ்திரி எட்டிப் பார்த்து, "யோகக்காரன்டா நீ. எம்பத்தஞ்சு ரூபா சும்மாவே வந்துச்சு. டீயாச்சும் வாங்கிக் குடு" என்றார். மாதையன் வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த கூலி நாளில் எல்லோரும் தபாலாபீசுக்குக் கிளம்பினார்கள். அவனும் அவர்களோடு இறங்கிப் போனான். அவர்கள் உள்ளே போய் வரிசையில் நிற்க, அவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். யாருக்கும் அவன் ஒரு காசு பாக்கியில்லை.