ஏழுக்கு ஆறு

அண்ணனின் இடது கை சட்டைக்குள் போகவில்லை. குகநேசன் முழங்கையை மடக்கிப் பார்த்தான், மடங்கவில்லை. பட்டுச் சட்டை மணிக்கட்டைத் தாண்டியதும் சிக்கிக்கொண்டு நின்றது.

“இழுக்காதை, கிழிஞ்சுபோம்,” என்றார் கட்டிலின் மறுபக்கம் நின்ற ஸ்ரனிஸ்லாஸ்.

அவர் அண்ணனோடு கதவுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் ஒரே இயந்திரத்தில் நின்றவர். விடியவே வந்து ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் காத்திருந்தார். கத்தோலிக்கர். ஆனாலும் படுத்திருப்பவருக்கு வேட்டியை எப்படிச் சுற்றினால் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இறுதிச்சடங்கு நிறுவனத்துப் பெண் ஒரு கத்தரிக்கோலை நீட்டினாள். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழாக வெட்டிவிட்டால் இரண்டு கையும் சுலபமாகப் போகும், முன்னால் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது என்றாள். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வதாம்.

குகநேசன் வெட்டினான். ஸ்ரனிஸ்லாஸ் உடம்பை ஒருக்களித்துப் பிடித்தார். அண்ணன் எவ்வளவு குறைந்துபோனார் என்பது முதுகைக் கண்டபோதுதான் தெரிந்தது. மகேந்திரராசாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. தண்ணீர் நிறைந்த குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிய மனிதர். நுரையீரலில் ஆரம்பித்தது பதினொரு மாதத்தில் எல்லாவற்றையும் தின்றுவிட்டது.

சட்டைப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. ஆர்வித். குகநேசன் வெளியே போய்க் கதைத்தான்.

ஒஸ்லோவிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரத்தில் இருக்கும் கிரான்மோ என்ற சின்ன ஊரின் தீயணைப்பு நிலையத்துக்கு ஆர்வித் தலைவர். அங்கே சம்பளத்துக்கு இருப்பவர் அவர் ஒருவர்தான். மற்றப் பதினைந்து பேரும் தொண்டர்கள். தொழிற்சாலையில், கடையில், பள்ளிக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருப்பார்கள், அழைப்பு வந்ததும் போட்டது போட்டபடி ஓடுவார்கள். அண்ணனும் தம்பியும் அப்படி ஓடியவர்கள். தம்பி இன்னும் ஓடுகிறான்.

“ஆறு பேர் சீருடையில் வருகிறோம்,” என்றார் ஆர்வித் நோர்வே மொழியில். “பெட்டியை நாங்கள்தான் தூக்க வேண்டும். மேலே தலைக்கவசம் ஒன்று வைப்போம். நான் இரண்டு வார்த்தை பேசுகிறேன். மகேன் எங்களுடைய பிரதிநிதி அல்லவா?”

“குடும்பத்தைக் கேட்டுச் சொல்கிறேன்.”

“நீயும் குடும்பம்தானே,” என்றார் ஆர்வித்.

*

தகனமண்டபத்தின் பக்க அறையில் அண்ணி புஷ்பமலர் சுவரோரம் ஒரு கதிரையில் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மாசி மாதத்துப் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பக்கத்தில் மகள் ராகவி. இருபது வயது, சட்டம் படிக்கிறாள், இவர்களுக்கு ஒரே பிள்ளை.

குகநேசன் ஆர்வித் கேட்டதைச் சொன்னான். அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

“வரட்டும். தூக்கட்டும். தொப்பி வேண்டாம்.”

“மரியாதைக்குத்தான் அண்ணி கேக்கினம்.”

“அது அவரிட்டையிருந்து திருப்பி வாங்கின தொப்பி, தம்பி. இப்ப கொண்டுவந்து வைக்க வேண்டாம்.”

ராகவி கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

“சித்தப்பா, அப்பான்ரை பைலுக்குள்ளை இது கிடந்தது. ஸ்ரேஷன் கூட்டத்தின்ரை றெஃபராத், எழுதி வைச்ச குறிப்பு. இரண்டாயிரத்து இரண்டு, மார்ச். மகேந்திரராசா பிரதிநிதியா இருக்கக் கூடாது எண்டு ஏழு பேர், இருக்கலாம் எண்டு ஆறு பேர். ஒரு பேரும் எழுதேல்லை. ஆர் அந்த ஏழு பேர்?”

“கன நாளாப் போச்சு பிள்ளை.”

“நீங்கள் அண்டைக்கு அங்கை இருந்தனீங்கள்தானே?”

“இருந்தனான். எல்லாரும் ஒரேயடியாக் கையைத் தூக்கினவங்கள். நான் எண்ணேல்லை.”

ராகவி தாளை மடித்தாள். “அப்பாவும் இதைத்தான் சொன்னவர். தான் முன்னுக்கு இருந்தவராம், பின்னுக்கு ஆர் எண்டு பாக்கேல்லையாம்.”

குகநேசன் குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். மகன் இல்லாத வீடு. கொள்ளி வைப்பது தம்பிதான் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முடிவாகியிருந்தது. 

மண்டபத்துக் குளியலறையில் தண்ணீர் சுடுவதற்கு முன்பே அதன் கீழ் நின்றான்.

அது இரண்டாயிரத்து ஒன்று கார்த்திகையில் தொடங்கியது. கிரான்மோவில் பழைய ரயர்கள் அடுக்கிவைத்த கிடங்கு ஒன்று பற்றியது. ஒன்பது பேர் போனார்கள். மூச்சுக் கவசம் நாலுதான் வேலை செய்தது. மாறி மாறிப் போட்டுக்கொண்டு பதினாறு மணி நேரம் நின்றார்கள். தன்னுடைய முறையில் பாதியைத் தம்பிக்குக் கொடுத்தது அண்ணன்தான். பிறகு மூன்று கிழமை கரியாகவே துப்பினார்கள். கரி படிந்த உடுப்புகளை வழக்கம்போல அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்த்தார்கள்.

தொண்டர்கள் தங்கள் பிரதிநிதியாக வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்தவர் மகேந்திரராசா. அவர் தொழில் பாதுகாப்புக் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒவ்வொருவருக்கும் ஒரு கவசம், உடுப்புத் தோய்க்க நிலையத்திலேயே ஒரு இயந்திரம், வருடத்துக்கு ஒரு தடவை நுரையீரல் பரிசோதனை. அப்போது ராகவிக்குப் பதினாறு வயது. அவள்தான் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தாள்.

அந்தக் கடிதம் தன் மூலமாகப் போகவில்லை என்பது ஆர்வித்துக்குப் பெரிய கோபம். மாவட்டத் தொண்டர் சங்கத்துக்கும் அவரே தலைவர். தொண்டர்களுக்காகக் கதைக்க வேண்டியவரும் அவர். தொண்டர்கள் யாருக்கு எதிராகக் கதைக்க வேண்டுமோ அவரும் அவர். இதை ஒரு கூட்டத்தில் அண்ணன் எழுந்து நின்று இதே வார்த்தைகளில் சொல்லிவிட்டார்.

அண்ணனைப் பிரதிநிதிப் பதவியிலிருந்து விலக்கும் வாக்கெடுப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஆர்வித் குகநேசனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். நல்லாகத்தான் கதைத்தார். உன் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கலாம், ஆனால் எல்லாரையும் பயப்படுத்துகிறார், நகரசபை நிலையத்தையே மூடிவிடும் என்றார். உங்கள் ஆட்களில் ஒருவர் தலைமைக்கு வர வேண்டும் என்பது என்னுடைய கனவு, சண்டை பிடிக்கிறவர் அல்ல, கட்டி எழுப்புகிறவர் என்றார். ஆனியில் அணித்தலைவர் பதவி ஒன்று காலியாகும் என்பதையும் சொன்னார். ஒன்றுக்கு ஒன்று தொடர்பு இருப்பதாகச் சொல்லவில்லை. 

கூட்டம் நிலையத்தின் மேல்மாடியில் நடந்தது. அண்ணன் முன்வரிசையில் இருந்தார். குகநேசன் கடைசி வரிசை. விலக்க வேண்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது ஆறு கைகள் எழுந்தன. ஏழாவது எழக் கொஞ்சம் நேரம் எடுத்தது. செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவருக்கு முன்னால் அகலமான ஜன்னல், வெளியே இருண்டுவிட்டது, பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கண்ணாடியில் தெரிந்தார்கள்.

அன்று அவர்கள் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். “சறுக்கும், பாத்து நட,” என்றார் அண்ணன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சித்திரையில் நிலையத்தை விட்டார். கவசம், சப்பாத்து, தொப்பி எல்லாவற்றையும் கையெழுத்து வைத்துத் திருப்பிக் கொடுத்தார். இலையுதிர் காலத்தில் ஒஸ்லோவின் குரோருட்டில் ஒரு வீடு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போனார், பஸ் ஓட்டினார். ஆனியில் குகநேசன் அணித்தலைவன் ஆனான். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் இந்த மாவட்டத்தில் முதலாவது ஆள் என்று பத்திரிகையில் படம் வந்தது. அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டு, “படம் நல்லா இருக்கு,” என்றார்.

இந்த நோய் அந்தப் புகையால்தான் வந்ததா என்று ராகவி டொக்டரைக் கேட்டாள். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் அவர்.

இரண்டு கிழமைக்கு முன்பு, ஆஸ்பத்திரியில், அறையில் வேறு ஒருவரும் இல்லாத ஒரு மத்தியானம் அண்ணன் கண்ணைத் திறந்தார். இப்போது கேட்பார் என்று குகநேசன் நினைத்தான். நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தது அது.

“உன்ரை உடுப்பை இப்பவும் வீட்டிலைதான் தோய்க்கிறியோ?”

“ஓம் அண்ணை.”

“சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு. தோய்க்காதை.”

பிறகு நித்திரையாகிவிட்டார்.

*

கிரான்மோக்காரர் ஆறு பேரும் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார்கள். வந்திருந்த பெரியவர்கள் தேவாரம் பாடினார்கள். ஐயர் குகநேசனுடைய விரலில் தர்ப்பைப் பவித்திரத்தைப் போட்டு ஒவ்வொன்றாகச் செய்வித்தார். வாய்க்கரிசி போட்டு முடிய ஆர்வித் ஒலிவாங்கிக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டார். முகம் உண்மையாகவே சிவந்து கலங்கியிருந்தது. நோர்வே மொழி விளங்காத பெரியவர்கள் பலர் இருந்ததால் ராகவி பக்கத்தில் நின்று தமிழில் சொல்வதென்று ஏற்பாடு.

“மகேன் எங்கள் குரலாக இருந்தார்,” என்றார் ஆர்வித்.

“அப்பா தங்கடை குரலா இருந்தவராம்.”

“நாங்கள் எல்லா நேரமும் ஒத்துப்போகவில்லை. ஆனால் எல்லாரும் அவரை மதித்தோம்.”

“எல்லா நேரமும் ஒத்துப்போகேல்லையாம். ஆனால் மதிச்சவையாம்.”

அவள் குரல் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் வந்த அந்த ‘ஆம்’ மட்டும் கொஞ்சம் கனத்தது. முன்வரிசையில் ஸ்ரனிஸ்லாஸ் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆர்வித் திரும்பி, பெட்டியின் தலைமாட்டில் வேட்டியோடு நின்ற குகநேசனைப் பார்த்தார்.

“குகன், உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில், சொந்த அண்ணனுக்கு எதிராகக் கை உயர்த்துவது சுலபமாக இருந்திருக்காது. நிலையத்தின் நன்மைதான் பெரிது என்று நினைத்தாய். தலைமை என்றால் என்ன என்பதை எங்களுக்குக் காட்டினாய். மகேனும் அதை மதித்திருப்பார் என்று நம்புகிறேன். இன்று எங்கள் நிலையத்தில் உங்கள் சமூகத்தின் முகம் நீ.”

அவர் நல்லதைச் சொல்லிவிட்ட நிறைவோடு ராகவிக்காக நிறுத்தினார்.

ராகவி வாயைத் திறக்கவில்லை. மண்டபத்தில் இருமல் சத்தம் ஒன்று கேட்டது. பின்வரிசையில் ஒரு கிழவர், “என்னவாம்? என்ன சொல்லுறார்?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். இளம் பிள்ளைகள் விளங்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவள் சொல்லாமல் விட்டுவிடுவாள் என்று குகநேசன் ஒரு கணம் நம்பினான்.

“அப்பாவை விலத்த வேணும் எண்டு வாக்கெடுத்த அண்டைக்கு,” என்றாள் ராகவி, ஒலிவாங்கியை நெருங்கி, “சித்தப்பாவும் கை உயர்த்தினவராம். அது லேசான காரியம் இல்லையாம். அதுக்குப் பேர்தான் தலைமையாம். எங்கடை ஆக்களின்ரை முகம் அவர்தானாம்.”

ஆர்வித் தலையை ஆட்டி, நன்றி என்றார். மற்றச் சீருடைக்காரர் ஐந்து பேரும் ஒன்றாகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

குகநேசன் அண்ணியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அண்ணனின் சட்டைக் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். 

பெட்டியை மூடி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நெருங்கியவர்கள் மட்டும் பின்னால் போகலாம். உலை இருந்த அறை சின்னது. சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்துவதுதான் இங்கே கொள்ளி. வேலையாள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

“கொள்ளி வைக்கிறவர் முன்னுக்கு வாங்கோ,” என்றார் ஐயர்.

குகநேசன் ஓரடி எடுத்து வைத்தான்.

“நான் வைக்கிறன்,” என்றாள் ராகவி.

ஐயர் திகைத்தார். “பொம்பிளைப் பிள்ளையள் இதைச் செய்யிறேல்லை அம்மா. அதோடை சித்தப்பாதானே தொடக்கத்திலையிருந்து கிரியை செய்தவர். இடையிலை ஆள் மாத்தேலாது.”

“அப்பாவை இடையிலை மாத்தினவை.”

“ராகவி,” என்றான் குகநேசன். “பிள்ளை, இதிலை வேண்டாம். வேறை என்னவெண்டாலும் சொல்லு. அண்ணைக்கு நான் இதையாவது...”

அவள் தாயைப் பார்த்தாள். புஷ்பமலர் பெட்டியின் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அவருக்குப் பிள்ளை இவள் ஒருத்திதான், ஐயா,” என்றாள். “இவள் செய்யட்டும்.”

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு குகநேசனிடம் தட்டை நீட்டினார். அவன் விரலிலிருந்து பவித்திரத்தைக் கழற்ற முயன்றான். ஈரத்தில் தர்ப்பை ஊறி இறுகியிருந்தது. பல்லால் கடித்து இளக்க வேண்டியிருந்தது. கழற்றித் தட்டில் வைத்தான். ராகவி அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது அவள் விரலுக்குப் பெரிது. விழாமல் கையைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பா,” என்றாள் ஒரே ஒருதரம். பொத்திய கையின் முட்டியாலேயே பொத்தானை அழுத்தினாள்.

கதவு மேலே எழுந்தது. பெட்டி உள்ளே போனது. அண்ணி அப்போதுதான் சத்தம் வைத்து அழுதாள். ராகவி தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். குகநேசன் எதையாவது பிடிக்க வேண்டும் போலிருக்க, பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல், ஈர வேட்டியோடு சுவரோரம் நின்றான்.

வேலையாள் மெதுவாக அவன் பக்கத்தில் வந்தார். வாசலில் நிற்கும் சாம்பல் நிற வோல்வோ உங்களுடையதா, அடுத்த குடும்பம் வந்துவிட்டது, பெட்டி ஏற்றிய வாகனம் உள்ளே வர முடியாமல் நிற்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மன்னிக்கச் சொல்லியும் கேட்டார்.

குகநேசன் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தான். சப்பாத்து எங்கே கழற்றினான் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு பனியில் நடந்துபோய்க் காரில் ஏறினான். சாவியைத் திருப்பினான். பின்னால் எடுக்கப் பார்த்தபோது கறுப்பு உடை போட்ட நோர்வேக்காரர் ஏழெட்டுப் பேர், வெள்ளைப் பூக்களோடு, காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஒரு வயதான மனிதர் நின்று, நீ போ என்பதுபோல் கையைக் காட்டினார்.

குகநேசன் போகவில்லை. சிக்னலைப் போட்டுக்கொண்டு, அவர்கள் எல்லாரும் உள்ளே போகும்வரை காத்திருந்தான்.